மீன்தொட்டி மணல்

"இதெல்லாம் ஒரு மணலாட்டீ?"

பூதலிங்கம் பிள்ளை ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டார். தண்ணீர் கலங்கிச் சேறானது. "எருமை புரண்ட குளத்தில அள்ளினியா?"

அவர் வயலில் வேலைசெய்யும் யேசுவடியாள் ஓலைக் கடவப்பெட்டியோடு முற்றத்துக்கு வெளியே நின்றாள். முந்தின நாள் அவள் கொண்டுவந்த முட்டத்துக் கடல்மணலையும் அவர் இப்படித்தான் காறித் துப்பித் திருப்பியனுப்பினார். மதராசிலிருந்து மருமகன் வாங்கி அனுப்பிய கண்ணாடித் தொட்டி மணலில்லாமல் காத்துக் கிடந்தது.

"உப்பு மணல்ல நல்லதண்ணி மீன் செத்துப்போகும். சேத்து மணல்ல மூச்சு முட்டும். புஸ்தகத்தில போட்டிருக்கு. கைநாட்டுக் கழுதைக்கு அதெங்க தெரியும்?"

மறுநாள் அவள் கொண்டுவந்த மணல் சீனி போல இருந்தது. கல்லில்லை, சிப்பியில்லை, வாளியில் போட்டால் தண்ணீர் கலங்கவுமில்லை. பிள்ளைக்கு வாயெல்லாம் பல். தொட்டியில் கொட்டச் சொல்லி, முழங்கை வரை கையை விட்டுத் தானே ஆசையாய் நிரவினார்.

"யாருட்டீ இப்படிச் சலிச்சுக் கழுவினது?"

"எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு, எசமானே. வாரந்தோறும் ஆத்தில அலசிக் காயவைப்பாரு."

"அவனுக்கெதுக்கு மணலு?"

"எங்க பிள்ளைக ஆனா ஆவன்னா எழுதிப் படிச்ச மணலுல்லா இது."

தொட்டிக்குள் கை அப்படியே நின்றது.

"இதுக படிச்சா வயலுக்கு யாரு எறங்குவான்னு போன மாசம் எசமான்தானே பள்ளிக்கூடத்துக் கூரையப் பிரிச்சுப் போட்டது? மணலு சும்மா கெடந்து."

யேசுவடியாள் வெறும் பெட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"மீனாவது படிக்கட்டும்."