விட்டுப் படித்த பக்கம்

“ஒரு பக்கத்த விட்டுட்டியேக்கா” என்றாள் நீலா. கருவாட்டுக்காகப் பாரையைக் கீறிக்கொண்டிருந்த கத்தி நிற்கவில்லை.

ஆர்த்தி நிமிரவில்லை. மாயவரம் நர்சிங் காலேஜிலிருந்து லீவுக்கு வரும்போது லைப்ரரியில் எடுத்து வந்த நாவல் அது.

கதையில் ஒரு நகரம், சுற்றிலும் மதில். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் உள்ளே இடம். அண்ணனும் தங்கையும் சீட்டு எடுக்கிறார்கள். அண்ணன் உள்ளே போகிறான். ஓர் அத்தியாயம் அவன் சொல்வான், அடுத்தது அவள்.

தங்கை சொல்வது வேண்டாம் என்று நீலா முதல் நாளே சொல்லிவிட்டாள். “வெளிய கெடக்குறவ கத எனக்குத் தெரியாதா? உள்ள போனவன் என்ன சொல்றான்னு படி.”

இருவரும் இரட்டைப் பிள்ளைகள். ஆர்த்தி கால் மணி நேரம் மூத்தவள்.

போன வருஷம் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றானபோது மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம், உள்ளே பூ: வெள்ளை என்றால் படிப்பு, சிவப்பு என்றால் வீடு. இளையவள்தான் எடுக்க வேண்டும். நீலா எடுத்ததில் சிவப்பு.

மற்றப் பொட்டலத்தை யாரும் கேட்கவில்லை. ஆர்த்தி குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்து பிரித்தாள்.

அதிலும் செவ்வரளி.

“நீ தூங்குறப்பயே அந்தப் பக்கத்தப் படிச்சுட்டேன்” என்றாள் நீலா. “அப்பா காதுலயும் விழட்டும். சத்தமா படி.”

இந்த வருஷ அட்மிஷன் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த அப்பா அய்யாக்கண்ணு, படி என்பதுபோல் தலையாட்டினார்.

ஆர்த்தி படித்தாள். “என் சீட்டிலும் ‘வெளியே’ என்றுதான் எழுதியிருந்தது. தங்கை முதலில் எடுத்துவிட்டதால் என்னுடையதை யாரும் கேட்கவில்லை. நான் அதை மென்று விழுங்கிவிட்டேன்.”

நீலா கத்தியைக் கீழே வைத்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அக்காவுக்கு ஒரு அறை விழும். இல்லை, ஒரு கெட்ட வார்த்தையாவது.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“வெவரமான பய. இவளும் அப்புடித்தான். நான் கட்டிக் குடுத்ததப் பிரிச்சுப் பாத்துட்டு, இன்னிக்கி வரைக்கும் வாயத் தொறக்கல பாரு.”

அவர் நீலா பக்கம் திரும்பினார்.

“கத்தி புடிக்க வர்றது ஒனக்குத்தான். ஒன்ன அனுப்பிட்டா இதையெல்லாம் யாரு கீறுறது?” என்றார். “ஈ மொய்க்கிது பாரு, உப்பப் போடு.”