ஏறத் தெரிந்தவன்

2009 பிப்ரவரி 21, சனிக்கிழமை. பின்லாந்தின் தம்பெரே நகரில், ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் நிலவறையில் இருந்த சௌனா என்னும் நீராவிக் குளியலறை, மாலை ஆறிலிருந்து ஏழு வரை இரண்டாம் மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த வீட்டில் இரண்டு பேர். ஓஸ்கு இணையத்தில் போக்கர் ஆடிச் சம்பாதிப்பவன். துவோமோ நூலகத்தில் அரைநாள் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் அதே போக்கரைக் காபிக் காசுக்கு ஆடுபவன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓஸ்கு கூப்பிட்டான். முதுகு பிடித்திருக்கிறது, வரவில்லை என்றான் துவோமோ.

“முதுகு பிடிச்சவனுக்குத்தான்டா சௌனாவே. சரி, நீ வீட்டப் பாத்துக்க” என்று சிரித்துவிட்டு ஓஸ்கு படியிறங்கினான்.

கதவு சாத்தியதும் துவோமோவின் முதுகு சரியாகிவிட்டது.

ஏழு மணிக்கு முதல் மாடி ரவுனியோ அம்மாள் தன் முறைக்குத் துண்டோடு வந்து நிற்பார். அதற்குள் ஓஸ்கு வெளியே வந்தாக வேண்டும். அதற்கு முன்னால் வரவும் மாட்டான்; தனக்கு ஒதுக்கிய சௌனா நேரத்தில் ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்தவனை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. நீராவிக்குள் கைப்பேசியும் கிடையாது. ஓஸ்குவின் ஆட்டக் கணக்கில் கை வைக்க, வாரத்தில் இதைவிட நல்ல நேரம் இல்லை.

அதில் அறுபத்து நாலாயிரம் டாலர் இருந்தது. எல்லாம் ஒரே குளிர்காலத்துச் சம்பாத்தியம்.

மற்ற ஆட்டக்காரர்கள் பெரிய மேஜைக்குப் போகும் முன், அங்கே ஐம்பது தடவை தோற்றாலும் தாங்குகிற அளவுக்குப் பணம் சேர்ப்பார்கள். ஓஸ்குவுக்குப் பத்துத் தடவைக்கு இருந்தால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான். அக்டோபரில் ஐம்பது டாலர் மேஜையில் இருந்தவன், இப்போது ஒரு தடவை உட்கார ஐயாயிரம் கேட்கும் மேஜைக்கு வந்திருந்தான். மூன்று தடவை தோற்றால் மறுபேச்சில்லாமல் கீழே இறங்க வேண்டும் என்று தனக்கே ஒரு விதியும் வைத்திருந்தான். ஏறுவது அவனுக்குப் பிரமாதமாக வந்தது. இறங்கும்போதுதான் கால் ஒத்துழைக்காது.

இன்று குளித்துவிட்டு வந்ததும் ஒரு ஸ்வீடன்காரனோடு உட்காரப் போகிறான். விட்டால் மொத்தப் பணமும் ஸ்வீடனுக்குக் கப்பலேறும். அதன் பிறகு துவோமோ எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

போன இரண்டு சனிக்கிழமைகளும் முயன்று தோற்றிருந்தான். ஓஸ்கு வாராவாரம் கடவுச்சொல்லை மாற்றுபவன். மூன்று முறை தவறாகத் தட்டினால் தளம் ஒரு மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடும். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. அன்று ஓஸ்கு இருபதாயிரத்தைக் கோட்டை விட்டபோது, தன் சட்டைப் பையிலிருந்தே போனதுபோல துவோமோவுக்கு வயிறு எரிந்தது. இன்றும் சொதப்பினால் தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

ஓஸ்குவை விட்டுப் போன காதலியின் பெயரைத் தட்டினான். இல்லை. ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்காப்பாளர் பெயர். அதுவும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. ஓஸ்குவின் வாயில் இந்த வாரம் முழுக்க இருந்த பெயர் எது? விடியும்வரை ஆடிவிட்டுப் பகலில் தூங்குபவனைத் தூங்கவிடாத மேல்மாடி நாய்.

ரெக்கு என்று தட்டினான். கணக்கு திறந்துகொண்டது.

துவோமோ பேராசைப்படவில்லை. பதினைந்தாயிரத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதி நாற்பத்தொன்பதாயிரத்தைத் தன் கணக்குக்கு அனுப்பினான். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ளத் தளத்தில் தடையில்லை. கையோடு அதைத் தன் வங்கிக்கும் தள்ளிவிட்டான். இனி யார் அழுதாலும் திங்கட்கிழமைக்கு முன் அது அசையாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவன் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தான்.

வெந்த நண்டு நிறத்தில் வந்த ஓஸ்கு, இருப்பைக்கூடப் பார்க்காமல் ஆட உட்கார்ந்தான். முதல் ஐயாயிரம் பத்து நிமிடத்தில் போனது. இரண்டாவது கொஞ்சம் தாக்குப் பிடித்தது. மூன்றாவதையும் ஜெயித்துவிட்டு, பின்லாந்துக்காரனுக்குச் சௌனாவில் வெப்பம் போதவில்லையா என்று ஸ்வீடன்காரன் திரையில் எழுதி நலம் விசாரித்தான்.

நாற்காலி பின்னால் சாயும் சத்தம்.

“என் பணம் எங்கடா?”

ஓஸ்கு அடுக்களைக்குள் வந்து துவோமோவின் கம்பளிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

“நீதானே எடுத்தே?”

பொய் சொல்லிப் பயனில்லை. “ஆமா.”

“எடு வெளிய. ஒரே ஒரு தடவை உக்காந்தா அவன முடிச்சுடுவேன்.”

“பேங்குக்குப் போயிடுச்சு.”

பிடி இறுகியது, பிறகு மெல்லத் தளர்ந்தது. ஓஸ்கு திரும்பிப் போய், ஸ்வீடன்காரன் காத்திருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கணினியை அணைத்துவிட்டு மறுபடி அடுக்களைக்கு வந்தான்.

“பாஸ்வேர்டு எப்படிடா தெரிஞ்சுது?”

“மேல்மாடி நாய்.”

“அந்தச் சனியன் இதுலயும் குரைச்சுடுச்சா?” ஓஸ்கு பொத்தென்று உட்கார்ந்து, துவோமோவுக்கு ஊற்றியிருந்த காபியை எடுத்துக் குடித்தான். அது தீர்ந்த பிறகுதான் மூச்சு சீரானது.

பிறகு பர்ஸைத் திறந்து, தன் பணத்தைத் தன்னிடமிருந்து திருடுவதற்காக மாதத் தொடக்கத்தில் தானே பேசிய வாரக் கூலி ஐம்பது யூரோவை மேஜைமேல் வைத்தான். திருட்டு நடக்காத முந்தைய இரண்டு வாரங்களுக்குக் கூலி கிடையாது என்றும் சொல்லிவிட்டான்.