நாத்தனார் முடிச்சு

பின்முற்றத்தில் நின்று, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பொன்னம்மை கத்திக்கொண்டிருந்தாள்.

“கேட்டியாட்டி சொர்ணம்! உங்க அத்தானுக்கு சுகரு முந்நூறு. மாத்திரையக் கொடுத்தா முகத்தைத் திருப்புதாரு. போன வாரம் குளிமுறியில வழுக்கி விழுந்தாரு. அப்பவும் வீம்பு குறையல்ல!”

உள்ளேயிருந்து கணவர் திரவியம் சீறினார். “நாகர்கோவில்ல இருக்க தங்கச்சிகிட்ட பேசதுக்கு இந்தக் கத்தலா? வலியசாலை முழுக்கக் கேக்குது!”

“அவளுக்குக் காது மந்தம்!” என்றவள் இன்னும் உரக்கச் சொன்னாள். “வியாழக்கிழமை நம்ம கிருஷ்ணகுமாருக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். நாத்தனார் முடிச்சு போட கூடப்பிறந்தவ வேண்டாமாம், சித்தப்பா மக போதுமாம். இவரு வீம்புக்கு என் மகன் கல்யாணத்துல எவளோ முடிச்சு போடணுமா?”

அப்போது அவள் காதிலிருந்த செல்போன் மணியடித்தது. திரையில் ‘சொர்ணம்’ என்று வந்தது.

வெளியே வந்த திரவியம் போனைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று போயிருந்தது. அடுத்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறாள் மகள் ஸ்ரீலட்சுமி. அவளோடு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது திரவியத்தின் கட்டளை.

பொன்னம்மை மணியடிக்கும் போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

“உங்க அம்மைக்கு ஒரு விவரமும் சரியாச் சொல்லத் தெரியாது!” மதிலைப் பார்த்து அவர் கத்தினார். “முகூர்த்தம் பத்தரைக்கு இல்ல, ஒன்பதரைக்கு! நீ பிந்தி வந்தா முடிச்சை நானாட்டி போடுவேன்?”