ஒன்பதாவது நாள்

பனிமலை அடிவாரத்து ஊரான காரகோலில் பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கும் திலெக், கடைக்குள் வந்த தமிராவைப் பார்த்துச் சிரித்தான். ஐம்பதைத் தாண்டியவள்.

"யாருக்குக்கா? பேரனுக்கா?"

"எனக்குத்தான். இதுவரைக்கும் சறுக்குப் பலகையில ஏறினதே இல்ல."

"இந்த வயசுல இப்படி ஒரு ஆசையா! புதுசா பழகுறவங்களுக்கு நல்லா வளையுற பலகைதான் சரி. நிமிர்த்தி வச்சா தாடை வரைக்கும் வரணும்."

பூட்ஸை மாட்டிவிட்டு, "குதிகால் உள்ள தூக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ இதுதான் உங்க அளவு."

ஹெல்மெட்டையும் எடுத்து வைத்தான். அவள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

"அந்தக் கருவி?"

"பனிச்சரிவுல புதைஞ்சவங்களைத் தேடுறது. அவங்ககிட்டயும் ஒண்ணு இருந்தா இதுல சிக்னல் வரும். உங்களுக்கு எதுக்குக்கா? நீங்க அடிவாரத்துலதானே விழுந்து எழுந்திரிக்கப் போறீங்க!"

"புதைஞ்சு கிடக்குற கருவியில பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"பத்து நாள். மிஞ்சிப்போனா பன்னிரண்டு. ஆனா அத்தனை நாள் யாருக்கா உயிரோட இருப்பாங்க?"

"தெரியும் தம்பி." அவள் குரல் உயரவில்லை. "இன்னிக்கு ஒன்பதாவது நாள். தேடுறதை நேத்தே நிறுத்திட்டாங்க. மிச்சத்தைப் பனி உருகினதும் பார்க்கலாமாம். நடந்து போய்ப் பார்த்தேன், இடுப்பு வரைக்கும் புதையுது. என் மகனைக் கொண்டுவந்து அடக்கம் பண்ணணும்."

திலெக்கின் சிரிப்பு செத்துப்போனது. அவளுக்கு எடுத்த பலகையைத் திரும்பச் சுவரில் மாட்டினான். உள்ளே போய்த் தன் பலகையை எடுத்து வந்தான்.

"எந்தச் சரிவுக்கா?" என்றான்.