கையால் செய்த கேபிள்

“எங்க இனியன் ஹெட்போனுக்குக் கேபிளக்கூட வீட்டுலயே செஞ்சுக்கிருவான். அம்புட்டுக் கைவேலை” என்று பெண் வீட்டில் அம்மா பெருமையடித்தாள்.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயனை இனியன் தொட்டதே இல்லை. ஆன்லைனில் வாங்கியதை, விலையைச் சொன்னால் அம்மா திட்டுவாளென்று, தானே செய்ததாகச் சொல்லியிருந்தான்.

தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

“அந்தக் கேபிளக் கொண்டாந்திருக்கீகளா?” என்றாள் கயல்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

“செய்ய எத்தன நாளாச்சு?”

“மூணு நாள்.”

“இதுக்கா? ஒரு மத்தியானம் போதுமே!” அவள் பின்னின் மூடியைத் திருகிக் கழற்றினாள். “இங்கன ஈயம் கூடிப்போச்சு, பாருங்க.”

“அவசரத்துல பத்த வச்சுட்டேன்.”

“அவசரமெல்லாம் இல்ல. அன்னைக்குக் கரண்டு போயிப் போயி வந்துச்சு.”

இனியன் நிமிர்ந்து பார்த்தான்.

“இந்தக் கேபிள்ல பாடுறவுக மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதுன்னு ரெண்டு பக்கத்துக்கு மெயில் போட்டீகளே, அதப் படிச்சுட்டுத்தான் உங்க வீட்டுல பேசச் சொல்லி அப்பாவ அனுப்புனேன்.”

“அப்ப, இத விக்கிறது… நீங்களா?”

“பெறகு? கீழ போயி சரின்னு சொல்லிரவா?”

“கேபிள் செய்யத் தெரியாதுங்க எனக்கு.”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. உக்காந்து கேக்குறதுக்குத்தான் இந்த வீட்டுல ஒரு ஆளு இல்ல.”