மலையிறக்கம்

"சம்பந்தியம்மா, சார்ஜ் எட்டு சதவீதம்தான் காட்டுது. வழியில நின்னு ஏத்தினா கல்யாணம் முடிஞ்சிடும்" என்று புலம்பினார் ஒட்வார். மலைக்கு அந்தப் பக்கம், ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரைத் தேவாலயத்தில், மதியம் அவர் மகள் சில்யேவுக்குத் திருமணம்.

மாப்பிள்ளையின் தாய் கூன்வோர் தன் மின்சாரக் காரை ஓட்டியபடியே சிரித்தாள். "பின்னால டிரெய்லர்ல இவ்வளவு பாரம். ஏறும்போது சார்ஜைக் குடிக்கத்தான் செய்யும்."

"அதான் சொல்றேன். ஆபீஸ் போய்வர இந்தக் கரண்டு வண்டி சரி. மலை தாண்டிப் பாரம் இழுக்க டீசல்தான் ராஜா!"

"சரிங்க சம்பந்தி. உச்சி வந்தாச்சு, இனி வேடிக்கை பாருங்க."

சாலை வளைந்து வளைந்து இறங்கியது. ஒட்வார் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தார். எட்டு, ஒன்பதானது. இன்னும் சில வளைவுகளில் பதினொன்று. அவர் வாயைப் பிளந்தார்.

"எங்கேருந்துங்க ஏறுது?"

"இறங்குற வேகத்தைக் கரண்டா மாத்திக்குது. பாரம் தள்ளத் தள்ள இன்னும் ஏறும். எல்லாம் உங்க புண்ணியம்."

"நான் என்ன செஞ்சேன்?"

"டிரெய்லர்ல இருக்கிறது உங்க டீசல் வண்டிதானே?"

காலையில் ஏற்றத்தில் புகை கக்கி நின்றுபோன தன் காரை ஒட்வார் திரும்பிப் பார்த்தார். தலை குனிந்தது. பிறகு மெல்ல ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

அருவியின் இரைச்சல் காருக்குள் வந்து நிறைந்தது. இத்தனை வருஷமாக இதே மலையில் போய்வந்தும், எஞ்சின் சத்தத்தில் அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"நேரம் இருக்கில்ல?" என்றார் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் மெதுவாவே போங்க சம்பந்தியம்மா."