பின்னாடி வர்ற கை

அன்னிக்குக் காலையிலயும் வாட்ச்காரருக்கு அடி விழுந்தது.

பொண்டாட்டி கையால. முன்கையில நரம்பு ஓடுற இடமாப் பார்த்து. அவ பாத்திரம் கழுவிட்டு இருந்தா. இவர் சத்தமில்லாம பின்னாடி போய், அவ தோளுக்கு மேல கையை நீட்டி டம்ளர் எடுக்கப் பார்த்தார். அவ திரும்பக்கூட இல்ல. முஷ்டி மட்டும் திரும்புச்சு.

டம்ளர் ஒரு மூலையில, வாட்ச்காரர் ஒரு மூலையில.

"வர்றப்ப ஒரு குரல் குடுத்தா என்னங்க? வாயைப் பூட்டி சாவியைக் கடையிலயா வெச்சிருக்கீங்க?"

நாலு நாள் தங்கிட்டுப் போக வந்திருந்த நாத்தனார், இதை வாசப்படியில நின்னு பார்த்தா. எங்கம்மாகூட எங்கண்ணனை ஒரு அடி அடிச்சதில்லன்னு அன்னிக்கே சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டாச்சு. வாட்ச்காரர் மட்டும் கையை உதறிக்கிட்டே தன் வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கிளம்பிட்டார்.

வாட்ச்காரர் பொண்டாட்டிக்கு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. மூணு மாசத்துக்கு முன்னாடி, அந்தக் கட்டடத்துல படியிறங்கி, கீழ்த்தளத்துல ஸ்கூட்டர் எடுக்கப் போனப்ப, பின்னாடியிருந்து ஒருத்தன் தோளைப் பிடிச்சான். பையைப் பிடுங்கிட்டு நிதானமா நடந்தே போனான். ஓட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்ல. இவ கல்லு மாதிரி நின்னுட்டா. கத்தக்கூட வரல.

பை போனதுகூடப் பெரிசா தெரியல. நின்னதுதான் அவளை அரிச்சுக்கிட்டே இருந்தது. அதுக்கப்புறம் அந்தப் படியில கால் வைக்க முடியல. லீவு மேல லீவு. மூணு மாசம் பொறுத்துக்கறோம், அதுக்கப்புறம் வர்ற ஒண்ணாம் தேதி வரலேன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டார்.

தினம் வந்து கூட்டிட்டுப் போறேன்னுதான் வாட்ச்காரர் சொன்னார். ஆயுசு முழுக்க வருவீங்களான்னு கேட்டுட்டு, வர்ம அடி வகுப்புல சேர்ந்துட்டா.

மாஸ்டர் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. லேப் அக்கான்னுதான் கூப்பிடும். எங்க அடிக்கணும், எந்த விரல் முட்டி படணும், எல்லாம் ஒரே வாரத்துல அக்காவுக்கு அத்துப்படி. "அடிங்க"ன்னு சொன்னா குறி தப்பாது. சொல்லாம பின்னாடி வந்து பிடிச்சா, திரும்பவும் கல்லு.

"அக்கா, உங்க மூளைக்குச் செய்தி போய், அது யோசிச்சு, கைக்கு உத்தரவு குடுக்கறதுக்குள்ள பை பக்கத்துத் தெருவுக்குப் போயிடும். கையே முடிவெடுக்கணும். வீட்டுல யாரையாவது திடீர் திடீர்னு பின்னாடி வரச் சொல்லுங்க."

வீட்டுல வேற யார் இருக்கா? வாட்ச்காரரைத்தான் கேட்டா. அவர் பத்து விரலையும் அவ மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டினார்.

"எறும்புத் தலையளவு ஸ்க்ரூவை எடுக்கற விரல் இது. மரத்துப் போச்சுன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான். என்னை விட்டுடும்மா."

மூணு நாள் அவர்கூடப் பேசல. சரி, யாரும் வேண்டாம்னு ஒரு வைராக்கியம். கதவுல தலகாணியைக் கட்டித் தொங்கவிட்டா. விடிஞ்சதும் நூறு அடி, பொழுது சாய்ஞ்சதும் நூறு அடி. தலகாணி பஞ்சு பஞ்சாப் போச்சு.

இந்த மனுஷனுக்கோ ஞாபகமே இருக்காது. அவ கண்ணாடி முன்னாடி நின்னா, பின்னாடியிருந்து சீப்புக்குக் கை வரும். துணி மடிச்சா, ஸ்விட்சுக்குக் கை வரும். கழுத்துல நூல் ஒட்டியிருக்குன்னு ஒருநாள். முதல்ல எல்லாம் விறைச்சுப் போய் நின்னா. அப்புறம் கை பாதி தூக்கிச்சு. அப்புறம் அடியே விழ ஆரம்பிச்சது.

முதல் அடிக்கு அழுதுட்டா. தைலம் தேச்சு விட்டா. பத்தாவது அடிக்குத் தைல பாட்டிலை அவர் பக்கமாத் தூக்கிப் போட்டதோட சரி. உதவியும் பண்ண மாட்டார், ஒதுங்கியும் நிக்க மாட்டார், என்ன ஜென்மமோன்னு முணுமுணுத்துக்கிட்டா.

முப்பதாம் தேதி. வகுப்பு முடிஞ்சதும், உள்ளே இருக்கற பாயைச் சுருட்டிட்டு வாங்கக்கான்னு மாஸ்டர் அனுப்பிச்சது. நடைபாதையில வெளிச்சம் கம்மி. பாயோட வந்தவ தோள்ல, பின்னாடியிருந்து ஒரு கை விழுந்தது.

பாய் கீழே விழறதுக்குள்ள அடி விழுந்துடுச்சு.

மாஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துடுச்சு. வலியில சிரிப்பு வேற.

"போதும்க்கா. நாளைக்கு வேலைக்குப் போங்க. அந்தப் படியில தனியாவே இறங்குங்க."

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எல்லாம் என் தலகாணி புண்ணியம் மாஸ்டர். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன், கை போயிடும்னு ஒரேயடியா மாட்டேன்னுட்டார்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்துச்சு.

"மாட்டேன்னாரா? அப்ப ரெண்டு மாசமா, தினம் கடையிலிருந்து எனக்கு ஃபோன் போட்டு, 'நாளைக்கு எந்தப் பக்கமா வரட்டும் மாஸ்டர்? இடது கையை நீட்டினாப் போதுமா? வலது கைக்குக் கொஞ்சம் வேலை இருக்கு'ன்னு கேக்கறாரே, அது யாரு, அக்கா?"